ஏழாவது எதிரியின் அங்க அடையாளம்

போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியைக் கூட மிதித்ததில்லை என்று நான் பெருமையடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் போன் செய்து, "ஏனுங்க, உங்க பேர்ல கேஸ் ஒண்ணு நிக்குதாமுங்க" என்று சொன்ன அன்றோடு அந்தப் பெருமை போயிற்று.

வேலை ஜோர்டானில். அங்கே ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்து வரும் உருப்படிகளில் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் பார்த்துத் தள்ளும் க்யூ.சி. வேலை. திருப்பூரில் இத்தனை வருஷமாக நான் செய்வதும் அதுதான். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. நாற்பத்தைந்து தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை. நான் இருந்த பனியன் கம்பெனியில் ஆர்டர் வற்றிப்போய் வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. இன்டர்வியூவில் தேறிவிட்டேன், மெடிக்கலிலும் தேறிவிட்டேன். எப்போதோ ஒரு ஆசையில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது. பாக்கி ஒரே ஒரு தாள். இந்த ஆள் மேல் வழக்கு ஏதும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ். அதை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

முதலில் சிரித்துவிட்டேன். என் பேரில் திருப்பூரில் நூறு பேர் இருப்பார்கள், எவனோ செய்ததை என் தலையில் கட்டுகிறார்கள் என்று ஏஜென்சிக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, "அப்பா பேர் இதுங்களா? நெருப்பெரிச்சல்ல இந்த அட்ரஸ்ல இருந்தீங்களா?" என்று படித்தார். அப்பா பேர் சரி. அந்த விலாசம் திருப்பூர் ஓரத்து நெருப்பெரிச்சலில் நாங்கள் முன்பு குடியிருந்த லைன் வீடு. அதன்பிறகு நான் சத்தம் போடவில்லை. அது நான் இல்லை, என் அண்ணன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நான் பத்தாவது முடித்தேன். திருப்பூருக்கு வந்ததும் நான் யாரும் எதையும் கேட்காத ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தேன். அண்ணன் போன இடம் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. அங்கே வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவார்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை செய்யவில்லை என்று காட்ட ஒவ்வொரு ஆளுக்கும் வயதுச் சான்று ஃபைலில் இருக்க வேண்டும். மீசை நரைக்க ஆரம்பித்துவிட்ட ஆளுக்கும் இருக்க வேண்டும். அண்ணனிடம் ஒரு தாளும் கிடையாது. என் பள்ளிக்கூட டி.சி.யை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு என் பேரில் உள்ளே போனான்.

இது ஏதோ பெரிய மோசடி என்று நினைக்காதீர்கள். எங்கள் லைன் வீட்டில் பாதிப் பேருக்குக் கம்பெனியில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர். அக்கா கார்டில் தங்கை போவாள், மச்சான் கார்டில் மச்சான் போவான். கம்பெனிக்கும் தெரியும். தாள் சரியாக இருந்தால் சரி. கம்பெனி கேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனை எல்லோரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான்.

எட்டு வருஷத்துக்கு முன் தீபாவளி போனஸ் தகராறில் அந்தக் கம்பெனி ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏலே, ஒம் பேர்ல கைதாயிட்டு வந்துட்டேம்லே. இனிமே நீ பெரிய ரவுடி" என்றான். அண்ணி சிரித்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். காலையில் பிடித்து மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டால் அது கைதே இல்லை என்பது எங்கள் நினைப்பு. திருப்பூரில் எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அன்றைக்கு அந்தத் தாளில் என்ன எழுதினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஈரலைக் கெடுத்துவிட்டது. இ.எஸ்.ஐ. கார்டு என் பேரில் இருந்ததால் ஆஸ்பத்திரியில் என் பேரில் படுத்திருந்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும் ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே அவன் பேரில் செத்தான்.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்று கைதானது நான் இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு அன்றைய கைதுப் பதிவு கையில் வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்த வயதிலும் எனக்கு அப்படி ஒரு மூளை.

நெருப்பெரிச்சலுக்கு இப்போது பொறுப்பான ஸ்டேஷன் எது என்று விசாரித்துப் போனேன். எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரை ரைட்டர் என்பார்கள். ரைட்டர் ஐயா நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"கிரைம் நம்பர் வெச்சிருக்கீங்களா?"

"அது எதுல இருக்கும் ஐயா?"

"எஃப்.ஐ.ஆர்.ல இருக்குமுங்க."

"எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டுத்தான் ஐயா வந்திருக்கேன்."

"கொடுத்துரலாமுங்க. நம்பர் இல்லாம எப்படீங்க எடுக்கறது?"

அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு வருஷத்தைக் கேட்டுவிட்டு, அந்தச் சமயம் அந்தப் பகுதி வேறொரு ஸ்டேஷன் எல்லையில் இருந்தது, பழைய ரெக்கார்டெல்லாம் அங்கேதான் இருக்கும் என்றார். அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கேயும் நாற்காலி போட்டார்கள். "அந்த ஏரியா இப்ப எங்களுது இல்லீங்களே, ரெக்கார்டு அவங்களுக்குப் போயிருக்குமுங்க" என்றார்கள். கொங்குக்காரர்கள் முடியாது என்பதைக் கூட 'ங்க' போட்டு அவ்வளவு பதமாகச் சொல்வார்கள். பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற பிறகுதான் நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது உறைக்கும்.

நெட்டில் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போலீஸ் வெப்சைட்டைத் திறந்தேன். மாவட்டம் கேட்டது, ஸ்டேஷன் கேட்டது, வருஷம் கேட்டது. நான்காவது கட்டத்தில் குற்ற எண் கேட்டது. அதை விட்டுவிட்டு அழுத்தினால் சிவப்பில் திட்டியது. எண்ணை நானாக ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்தேன். யார் வீட்டுச் சண்டையோ, யாருடைய பைக் திருட்டோ வந்தது. நாற்பதோ என்னவோ போட்டதும் எனக்கே அசிங்கமாக இருந்தது, எழுந்துவிட்டேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது என்று முடிவு செய்து, இரவும் பகலும் யோசித்து நான்கு பக்கம் எழுதினேன். எங்கள் குடும்பக் கதை முழுவதும் அதில் இருந்தது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்து கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏனுங்கண்ணா, மனு எழுதியிருக்கீங்களா, கதை எழுதியிருக்கீங்களா?"

"நடந்தத எழுதியிருக்கேம்மா."

"நடந்ததெல்லாம் யாருங்கண்ணா கேட்டா? உங்க டி.சி.யை உங்கண்ணன் வெச்சு வேலை பார்த்தாருன்னு எழுதி, கீழ நீங்களே கையெழுத்தும் போட்டு, போலீசுக்கே அனுப்பறீங்களா? நல்லா இருக்குதுங்க."

நான்கு பக்கத்தையும் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு எப்படிக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். ஏன் என்று கேட்கக் கூடாது. ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அவர்களிடம் இருக்கும் தாளின் பேரைச் சொல்லி அதன் நகலைக் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், கைதானவர்கள் பட்டியல், கைதுக் குறிப்பு, ஜாமீன் பத்திரம். குற்ற எண் தெரியாவிட்டால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடம், என்ன சம்பவம் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பழைய தினசரிக் காலண்டரை நெட்டில் எடுத்து, தீபாவளிக்கு முந்தைய வாரத்தை இரண்டு பேரும் பிடித்தோம். பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசம் போட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டும்.

"உங்க அட்ரஸ் மட்டும் சுத்தமாப் போடுங்க. பதில் திரும்பிப் போயிருச்சுன்னா மறுபடி முதல்ல இருந்துதானுங்க" என்றாள்.

நான் கதவு எண், தெரு, தண்ணீர் டேங்க் பக்கம், போன் நம்பர் எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். அண்ணனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

முதல் பதில், சட்டம் கொடுத்த முப்பது நாள் முடியக் கொஞ்சம் இருக்கும்போது வந்தது. மனு உரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்றிருந்தது. உரிய அலுவலகம், கோரும் தகவல் தெளிவாக இல்லை என்றது. தெளிவாக்கி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. மேல்முறையீடு செய்தேன். ஏஜென்சிக்காரர் முதலில் வாரம் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் கூப்பிட ஆரம்பித்தேன். பிறகு நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே தெம்பு டைப் அடிக்கும் பெண் சொன்ன ஒரு விஷயம்தான். "கைதுக் குறிப்புல அங்க அடையாளம்னு ஒரு கட்டம் இருக்குமுங்கண்ணா. ஆளைப் பார்த்து எழுதறது. மச்சம், தழும்பு, அந்த மாதிரி" என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் எனக்கு அண்ணனின் கை நினைவுக்கு வந்தது. அண்ணன் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவன். துணி வெட்டும் மெஷினில் அவனுடைய இடது ஆள்காட்டி விரலின் முதல் கணு போய்விட்டது. முகம் பார்க்காதவன் கூட அந்தக் கையைப் பார்ப்பான். கையெழுத்துப் போடும்போது தாளை அழுத்திப் பிடிக்கும் கை அதுதான். எனக்கோ பத்து விரலும் முழுசாக இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து என் விரல்களை எண்ணிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? எண்ணினேன்.

மூன்று மாதம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, கனமான ஒரு கவர் வந்தது. வீட்டில் பிரிக்கப் பயந்து நேராக ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவளே பிரித்தாள். சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது என்று எஃப்.ஐ.ஆர். இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போலீஸ் தாளில் எதிரி என்றுதான் எழுதுகிறார்கள். ஏழாவது எதிரி நான். என் பேர், என் அப்பா பேர், அந்த லைன் வீடு. அவள் தாளைப் புரட்டிக் கைதுக் குறிப்புக்கு வந்து, விரலை வைத்து வாசித்தாள்.

"வலது பக்கக் கழுத்தில் ஒரு மச்சம். இடது முழங்கையில் ஒரு தழும்பு."

விரலைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குக் கழுத்துல மச்சம் இருக்குதுங்களா?" என்றாள். நான் காலரை விலக்கிக் காட்டினேன். அவள் தாள்களை அடுக்கிக் கவருக்குள் வைத்தாள்.

அது என் டி.சி.யில் ஹெட்மாஸ்டர் எழுதிய அடையாளம். முதலில் மச்சம், அடுத்தது தழும்பு என்ற வரிசை கூட மாறவில்லை. கம்பெனி மேனேஜர் அன்று எல்லோருடைய ஃபைலையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்ததாக அண்ணன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வரிசையாக நின்றவர்களைப் பார்த்து எழுத நேரமாகும் என்று, ஜெராக்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாதி நாள் என் அண்ணன் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான், பேனா கேட்டு வாங்கியிருக்கிறான். ஒருவரும் அவன் கையைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்கு வெளியே போய், சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டேன்.

அண்ணி இப்போதும் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். மச்சத்தையும் தழும்பையும் பற்றி நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கைதுக் குறிப்பின் அடியில் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேர்தான். ஆனால் அவன் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோணலாக, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"அவுக எழுதுனதுதான் தம்பி" என்றாள். "எங்கிட்ட அவுக கையால எழுதுன தாளு ஒண்ணுகூட இல்ல. இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். எந்த ஸ்டேஷனும் எனக்குத் தராத எதையோ அந்தக் கவர் அவளுக்குத் தந்துவிட்டது என்று நினைத்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் மேல் பொறாமைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார். கையில் சம்மன். பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டேன். அவர் சிரித்த முகமாகவே சொன்னார்.

"ரொம்ப வருசமா நிலுவையில கிடந்த கேஸுங்க. மத்தவங்கெல்லாம் அடுத்த வருசமே கோர்ட்டுக்கு வந்து ஃபைன் கட்டிட்டாங்க. ஏழாவது எதிரி மட்டும் வரலீங்க. கேஸைப் பிரிச்சு வெச்சுட்டுத் தேடீட்டு இருந்தமுங்க. பழைய அட்ரஸ்ல போய்க் கேட்டா ஆளில்லைன்னாங்க. நல்ல வேளை, இப்ப நீங்களே மனுவுல அட்ரஸ் போட்டு அனுப்பீட்டீங்க."

போன் நம்பர் கூடப் போட்டிருந்தேன் அல்லவா, அதற்கும் சேர்த்து நன்றி சொன்னார். ஏழாவது எதிரி அன்றைக்கு ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கண்ணெல்லாம் மஞ்சளாக, கையில் ஊசியோடு, என் பேரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

டைப் அடிக்கும் பெண்ணே ஒரு வக்கீலைக் காட்டினாள். அவரிடம் மட்டும் முழுக் கதையையும் சொன்னேன். நல்ல மனிதர், இடையில் ஒருமுறை கூட வாட்சைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தார்.

"அது உங்க கையெழுத்து இல்லைன்னு நிரூபிக்கலாமுங்க. நிபுணருக்கு அனுப்பணும், சாட்சி விசாரணை, வருசக் கணக்குல ஆகுமுங்க. நிரூபிச்சுட்டீங்கன்னே வெச்சுக்குவோம். அடுத்த கேள்வி என்ன வருமுங்க? உங்க டி.சி. உங்கண்ணன் கைக்கு எப்படிப் போச்சு? அது இதைவிடப் பெரிய கேஸுங்க. இது ரோட்டுல உக்காந்ததுதானே, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா ஒரே நாள்ல முடிஞ்சுருமுங்க."

"ஒத்துக்கிட்டா போலீஸ் சான்றிதழ் கிடைக்குமா சார்?"

"தண்டனை பெற்றவர்னு போட்டுத் தருவாங்க."

ஏஜென்சிக்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். என்னுடைய பேட்ச் போயாயிற்று, அடுத்த பேட்ச் நாலைந்து மாதத்தில் போகும் என்றார். வழக்கு நடக்கிறது என்றாலும் விசா வராது, தண்டனை என்றிருந்தாலும் வராது, சுத்தமான தாள் இருந்தால் சொல்லுங்கள் என்றார். நாலைந்து மாதத்தில் எனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜோர்டான் இல்லை. உள்ளதைச் சொன்னால் ஜெயிலுக்கு வழி, சொல்லாவிட்டால் நான் குற்றவாளி. அன்று வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கோர்ட்டில் என் பேரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் முதல் தடவையே எழுந்துவிட்டேன், ஆனால் கூப்பிடுகிறவர் வழக்கப்படி மூன்று முறையும் கூப்பிட்டு முடித்தார். கூண்டில் ஏறி நின்றதும், ஆள் சரிதானா என்று பார்க்க ஏட்டு ஒருவர் கைதுக் குறிப்போடு பக்கத்தில் வந்தார். "தலையை அப்படிக்கா திருப்புங்க" என்றார். திருப்பினேன். காலரைத் தாழ்த்திக் கழுத்தைக் குனிந்து பார்த்தார். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி முழங்கையைப் பார்த்தார். நிதானமாக, என் உடம்பிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து உடம்புக்கும் பார்த்தார். "சரியா இருக்குதுங்க ஐயா" என்று மேலே சொன்னார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அந்தக் கண நேரத்தில் அண்ணன் பேரை வாய்விட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. ஜோர்டானுக்காக அல்ல. அன்று மண்டபத்தில் இருந்தவன் அவன்தான் என்று ஒருவருக்காவது தெரியட்டும் என்று தோன்றியது. வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்துக்கறேங்க ஐயா" என்றேன்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வந்ததும் கிளார்க் ஒரு பெரிய நோட்டை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் நோட்டை மூடப் போனவர், நிறுத்தி, வழக்குக் கட்டிலிருந்து பழைய கைதுக் குறிப்பை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை மாதத்தில், இத்தனை ஆபீஸில், என் அண்ணனை முதன்முதலாகக் கவனித்த ஆள் அவர்தான்.

"ஏனுங்க, அப்பப் போட்டதுக்கும் இப்பப் போட்டதுக்கும் கையெழுத்து வேற மாதிரி இருக்குதுங்களே?"

பேனாவை மூடி அவரிடம் நீட்டினேன்.

"அப்ப எனக்குச் சரியா எழுத வராதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.